மூன்று ஊரில் ஒரு படம்

பண்டாரவளைக் கிளையின் பின்னறையில், சேர்வர் என்று நாங்கள் சொல்லும் தரவுப் பெட்டியின் கறுப்பு முகப்பில் அவர் மோதிர விரலால் சந்தனம் இட்ட அந்த நடுப்பகல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சந்தனத்தை ஒரு தண்ணீர்ப் போத்தல் மூடியில் குழைத்திருந்தார். காற்றுப் போகும் துளைகளில் ஈரம் பட்டுவிடக் கூடாதே என்று நான் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தெரிந்துகொண்டு, துளையில்லாத ஓர் ஓரத்தைத் தேடிப் பிடித்து, அங்கே ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமத்தையும் வைத்தார். மேலே ஒரு செவ்வந்திப் பூ. நான் அதற்குள் பெட்டியை முறைப்படி நிறுத்தியிருந்தேன். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்து, விசிறிகளின் இரைச்சல் அடங்கியபோது அந்த அறை எனக்கே புதிதாக இருந்தது. "வருஷம் பூரா ராப்பகலா ஓடுது. ஒருநாள் தூங்கட்டும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்தவரைப் போலக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அன்று ஆயுத பூஜை.

அவர் எங்கள் டிரைவர். பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. முதலாளிக்கு அவர் 'டிரைவர்', மற்ற எல்லோருக்கும் 'டிரைவர் அண்ணன்'. பதுளையில் தலைமை நிலையமும் பண்டாரவளை, பசறை ஆகிய ஊர்களில் கிளைகளுமாக இயங்கிய ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் நாங்கள் வேலை செய்தோம். நான் கணினிப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எக்ஸ்ரே படங்களும் ஸ்கேன் படங்களும் பெரிய பழுப்பு உறைகளில் அவருடைய வேனில்தான் ஊர்விட்டு ஊர் போயின. பசறையில் காலையில் எடுத்த படத்தைப் பதுளையிலிருக்கும் டொக்டர் மத்தியானம் பார்ப்பார். பார்த்து எழுதியதை டிரைவர் அண்ணன் மாலையில் திருப்பிக் கொண்டுபோவார். அந்த வளைவுப் பாதையில் அவரோடு போவது ஓர் அனுபவம். வாய் ஓயாது. எதிரே வரும் பஸ்ஸோடு பேசுவார், வேனின் கியரோடு பேசுவார், மழையோடு பேசுவார். எந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கால் முறிந்தது, எவருடைய வயிற்றில் கல், எந்தக் கிழவர் ஸ்கேன் எடுக்கப் பயந்து பாதி வழியில் இறங்கி ஓடினார் என்று வளைவுக்கு ஒரு கதை வைத்திருப்பார். தலை வலிக்கிறது, கொஞ்சம் சும்மா வாருங்கள் என்று நான் ஒருமுறை கெஞ்சியதும், சரி என்று தலையாட்டிவிட்டு, சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றி ஹாலிஎல வரும்வரை பேசிக்கொண்டு வந்தார்.

பிறகு பெட்டிகள் வந்தன. கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு பெட்டியை வைத்து, மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்தது. ஒரு படம் எடுத்ததும் அது மூன்று கூறுகளாக்கப்பட்டு, ஊருக்கு ஒரு கூறாகப் போய்ச் சேரும். எந்த இரண்டு கூறுகள் கிடைத்தாலும் முழுப் படத்தையும் மறுபடி கட்டிவிடலாம். ஓர் ஊரில் பெட்டி பழுதானால், கரண்ட் போனால், மண் சரிந்து இணைப்பு அறுந்தால்கூட மற்ற இரண்டும் சேர்ந்து படத்தைத் தந்துவிடும். ஆனால் ஒரு கூறு மட்டும் கையில் இருந்தால் அது வெறும் எண்களின் குவியல். அதைக்கொண்டு ஒரு விரல் எலும்பைக்கூடப் பார்க்க முடியாது. இதை நான் ஊழியர்களுக்கு விளக்கியபோது முகங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. டிரைவர் அண்ணன்தான் எழுந்து, தங்கள் தோட்டத்துக் கோயிலில் அம்மன் நகைப் பெட்டியின் சாவி மூன்று பேரிடம் இருப்பதையும், அதில் எவராவது இரண்டு பேர் வந்தால்தான் பெட்டியைத் திறப்பார்கள் என்பதையும் சொன்னார். எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவருடைய வேலையைப் பாதியாக்கிய பெட்டிகள் அவை. அவரோ அவற்றைத் தன் பிள்ளைகளைப்போல ஊரெல்லாம் பெருமை பேசினார். படத்தைக் கையில் தரமாட்டீர்களா என்று கேட்கும் தோட்டத்துச் சனங்களுக்கு அவரே பதில் சொல்வார். ஃபிலிம் அச்சிடுவதை முதலாளி நிறுத்திவிட்டிருந்தார். டொக்டர்மார் தங்கள் கணினியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. முன்பெல்லாம் லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் அலுமாரியின் மேலோ பாய்ச் சுருளுக்குள்ளோ அந்தப் பழுப்பு உறை இருக்கும். சில வீடுகளில் மழை ஒழுகி ஒட்டிக்கொண்டிருக்கும், சில வீடுகளில் எலி கடித்திருக்கும். "இனிமே அந்தக் கவலையெல்லாம் வேணாங்க. ஒங்க படம் மூணு ஊர்ல பத்திரமா இருக்கு" என்பார். பத்திரம் என்ற சொல்லை அவர் சொல்லும்போது யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வந்ததில்லை.

பெட்டிகளுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆயுத பூஜையன்று கத்தி, மண்வெட்டி, தையல் மெஷின், வேன் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வாக வைப்பதும், விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து மறுபடி எடுப்பதும் எங்கள் சனங்களுக்கு மூச்சு விடுவதுபோல இயல்பான காரியம். ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பொட்டு வைப்பது பூஜையே இல்லை என்பது அவருடைய கட்சி. மூன்றையும் நிறுத்த முடியாது என்று நான் சொன்னதும், அவர் சிரித்துக்கொண்டே என் கணக்கை எனக்கே திருப்பிப் போட்டார். இரண்டு இருந்தால் போதும் என்றால், வருடத்துக்கு ஒரு பெட்டி என்று முறை வைத்துத் தூங்கவிடலாமே? அதில் எந்தத் தப்பையும் நான் காணவில்லை. பராமரிப்புக்காக ஒரு பெட்டியை நிறுத்துவது கம்பெனியே அனுமதித்த காரியம்தான். முதலாளி ஹாஜியாரிடம் கேட்டதற்கு, "அது ஒங்கட விஷயம் மகள். மெஷினுக்கு ஒண்டும் ஆகாட்டிச் சரி" என்றார். முதல் வருடம் பதுளைப் பெட்டி தூங்கியது, அடுத்த வருடம் பசறைப் பெட்டி. இரண்டு முறையும் மறுநாள் காலை பொத்தானை அமுக்கியதும் பெட்டி எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. சுண்டலும் அவலும் தின்றுகொண்டே நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்திருந்தது. வளைவுகளில் கண் கூசுகிறது என்றார். ஊழியர் என்பதால் பண்டாரவளையில் இலவசமாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில், பேச்சுக்கு உரிய பகுதியை ஒட்டினாற்போல, சின்னதாக ஒரு கட்டி. பெரும்பாலும் கெடுதல் செய்யாத வகைதான், வளர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று டொக்டர் சொன்னார். அதாவது அந்தப் படத்தின் முழுப் பயனும், பிறகு எடுக்கப்போகும் ஒரு படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் இருந்தது. அறிக்கையில் 'சிறிய கட்டி' என்ற ஒரு வரிதான். அடுத்த படத்தை அவர் எடுக்கவில்லை. தலைவலி விட்டுவிட்டது, அந்த மெஷினுக்குள் படுத்தால் பேசக் கூடாது என்கிறார்கள், அதுதான் தனக்குப் பெரிய வியாதி என்று சிரித்தே நாட்களைக் கடத்திவிட்டார்.

பண்டாரவளைப் பெட்டியின் முறை வந்த அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு வருகிறேன். அன்று மாலை பசறைப் பக்கம் பேய் மழை. இடி விழுந்த சத்தம் பதுளையிலேயே கேட்டது. விஜயதசமி காலையில் நான் நிலையத்துக்குப் போனதும் பசறையிலிருந்து அழைத்தார்கள். பெட்டி இருந்த அறையில் கருகிய வாடை, பெட்டியில் உயிரில்லை. எனக்குச் சலிப்புத்தான் வந்தது, பயம் வரவில்லை. பண்டாரவளை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும், பதுளையோடு சேர்ந்தால் இரண்டாகிவிடும். இப்படிப்பட்ட நாளுக்காகத்தானே இந்த ஏற்பாடு. நல்ல நேரம் வந்ததும் பண்டாரவளைப் பொறுப்பாளர் பொத்தானை அமுக்கினார். அமுக்கிவிட்டு என்னை அழைத்தார். விசிறி சுற்றுகிறது, உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஏதோ தட்டுகிறது, விளக்குகளில் பாதிக்குமேல் சிவப்பாக இருக்கின்றன என்றார். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய ஹார்ட் டிஸ்குகள், ஒருமுறை நின்று குளிர்ந்துவிட்டால் சிலசமயம் மறுபடி சுற்ற மறுத்துவிடும். ஓடுகிறவரை அந்தப் பலவீனம் வெளியே தெரியாது. ஒன்றிரண்டு எழும்பாவிட்டால் பெட்டியே சமாளித்துக்கொள்ளும். ஒரே சமயத்தில் பாதிக்குமேல் படுத்துக்கொண்டால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

டிரைவர் அண்ணன் அப்போதுதான் புது மாலை போட்ட வேனோடு வந்து இறங்கினார். இரண்டு செய்தியையும் சொன்னேன். "அப்ப சாவி ஒருத்தன்கிட்டதான் இருக்கா?" என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கியவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை தானாகத் துடித்தது. வேன் கதவைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். நிலையத்துத் தாதியும் நானும் அவரை அவருடைய வேனிலேயே ஏற்றினோம். பக்கத்துக் கடைக்காரர் ஓட்டினார். 

வலிப்பை மருந்து கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அன்றே புது ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் வந்து பார்த்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர், வார்த்தைகளை எண்ணிப் பேசுகிற மனிதர், என்னைக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். கட்டி முன்பு இருந்த அளவிலேயே இருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. வலிப்பை மாத்திரையால் கட்டுப்படுத்திக்கொண்டு காத்திருக்கலாம். வளர்ந்திருந்தால் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். எடுப்பதென்றால், அது இருக்கிற இடம் அப்படி, பேச்சுக்கு ஆபத்து. ஆகவே பழைய படம் வேண்டும். 'சிறிய' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மண்டையைத் திறக்கவோ திறக்காமலிருக்கவோ தன்னால் முடியாது என்றார். படம் எங்கே எடுத்தது என்று கேட்டார். எங்களிடம்தான் என்றேன்.

நிலையத்துக்கு ஓடிவந்து கணினியில் டிரைவர் அண்ணனுடைய பெயரைத் தட்டினேன். பெயர் வந்தது. வயது வந்தது, எடுத்த நாள் வந்தது, எத்தனை படங்கள் என்பதும் வந்தது. படத்தைத் திறக்கச் சொன்னபோது ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு வரி வந்தது. படம் இருக்கிறது, இப்போது தர இயலாது. அவ்வளவுதான் அதன் பொருள். படம் அழிந்துவிட்டது என்று அது சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அது அப்படிச் சொல்லவில்லை. இருக்கிறது என்றது. ஸ்கேன் மெஷினின் சொந்த நினைவகத்தில் தேடினேன். அது கடந்த சில வாரங்களின் படங்களை மட்டுமே வைத்திருக்கும். எங்கள் நிலையத்து டொக்டரின் கணினியில் தேடினேன். அவர் பார்த்துவிட்டு மூடிய படங்கள் அங்கே தங்குவதில்லை. பதுளைப் பெட்டியின் முன்னால் போய் நின்றேன். அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. அதற்குள்ளே அவருடைய தலையின் ஒரு கூறு பழுதில்லாமல் இருந்தது. என்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவருடைய மனைவி பசறைக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நான் அண்ணி என்றுதான் அழைப்பேன். செய்தி கேட்டு மலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் நான் நிலைமையைச் சொல்ல முயன்றேன். பெட்டி, கூறு, டிஸ்க் என்று ஏதேதோ சொல்லிவிட்டு, படம் அழியவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது என்று ஆறுதலாக முடித்தேன்.  அவர் கோபமே இல்லாமல், "பத்திரமா இருக்குன்னா எடுத்துக் குடுங்க தங்கச்சி" என்றார்.



அடுத்த நாட்களில் நான் செய்ததெல்லாம் அலைச்சல்தான். பஸ் பிடித்துப் பண்டாரவளைக்குப் போனேன். பெட்டியின் முகப்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. டிஸ்குகளைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். ஒன்று எழுந்தது, மனம் துள்ளியது, அடுத்தது எழவில்லை. கொழும்புக் கம்பெனியின் பொறியியலாளர் தொலைபேசியில், இனித் தொடாதீர்கள், ஒவ்வொரு முறை சுற்றவைக்கும்போதும் உள்ளே கீறல் விழலாம், அப்படியே அனுப்பிவையுங்கள் என்றார். அனுப்பத்தான் செய்தேன். பெரகலைக்குக் கீழே மண் சரிந்து கொழும்புப் பாதை மூடிக்கிடந்தது. பொதி அப்புத்தளையில் ஒரு கடையில் காத்துக்கிடந்து, பிறகு நுவரெலியா பக்கமாகச் சுற்றிப் போனது. பசறைக்கும் போனேன். அங்கே பெட்டியைத் திறந்ததும் வந்த கரிந்த வாடையிலேயே விஷயம் முடிந்துவிட்டது. மின்சாரம் டிஸ்குகள்வரை பாய்ந்திருந்தது. கொழும்புக்குத் தினமும் அழைத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். எவ்வளவு நாளாகும் என்றால், சொல்ல முடியாது என்றார்கள். அவர்கள் மரியாதையாகவும் நேர்மையாகவும் பேசினார்கள் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஹாஜியார் ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் என் மேசைக்கு வருவார். "ஒண்டும் செய்யேலாதா மகள்?" என்று கேட்பார். ஏலாது ஹாஜியார் என்பேன். நின்றுவிட்டுப் போவார். மற்ற நோயாளிகளும் வந்தார்கள், படம் கேட்டார்கள், திட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் மறுபடி ஒரு படம் எடுத்துக் கொடுத்துச் சமாளிக்க முடிந்தது. கழிந்துபோன ஒரு நாளில் ஒருவருடைய தலைக்குள் இருந்ததை மறுபடி படம் எடுக்க எந்த மெஷினாலும் முடியாது.

ஆஸ்பத்திரியில் டிரைவர் அண்ணன் தெளிவாகவே இருந்தார். வழக்கம்போல வார்டு முழுவதையும் சிநேகமாக்கிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களத் தாத்தாவுக்கு எங்கள் மூன்று பெட்டிகளைப் பற்றி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் என் முகத்தைப் பார்த்தே செய்தியைத் தெரிந்துகொண்டார். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமையில் அவர் இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வேனுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும், மாலையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் கறை பிடிக்கும் என்றெல்லாம் சொன்னார். நான் கிளம்பும்போது கையைப் பிடித்து, "பண்டாரவளைப் பெட்டி மேல கோவப்படாதீங்க தங்கச்சி. நான் சொல்லித்தானே அது தூங்குச்சு" என்றார். அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

அன்றிரவே மாத்திரையையும் மீறி வலிப்பு வந்திருக்கிறது. இந்த முறை நீண்ட நேரம். அதன் பிறகு அரைமயக்கம். மூளைச் சத்திரசிகிச்சை டொக்டர் காலையில் என்னை அழைத்து, படம் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போது வரும் என்றார். தெரியாது என்றேன்.  வளர்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான், இனிக் காத்திருப்பது ஆபத்து என்றார். சம்மதக் கையெழுத்தை டிரைவர் அண்ணன் போடும் நிலையில் இல்லாததால் அண்ணியிடம் கேட்டார்கள். பேச்சுப் போகலாம் என்பதையும் சொன்னார்கள். அண்ணி என் பக்கம் திரும்பி, என்ன செய்ய என்று கேட்டார். டொக்டர் சொல்வதைச் செய்யுங்கள் என்பதைத் தவிர நான் என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தப் படம் இருந்திருந்தால் கேள்வியே இருந்திருக்காது. பேனாவைப் பிடித்து மெதுவாக, எழுத்து எழுத்தாக, அவர் தன் பெயரை எழுதியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. நடக்கிறார், வலது கை கொஞ்சம் பலவீனம். சொன்னால் எல்லாம் புரிகிறது, சிரிக்கிறார், கண்ணீர் விடுகிறார். பேச்சு மட்டும் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் வரும். அதையே நீட்டியும் குறுக்கியும் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் திரும்பலாம் என்றார்கள். அந்தப் பயிற்சி கிடைக்கும் ஆஸ்பத்திரி எங்கேயோ இருக்கிறது, லயம் எங்கேயோ இருக்கிறது. வேனுக்கு வேறொருவர் வந்தார். நல்ல பிள்ளை. பாட்டைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் ஓட்டுவார். பசறைப் பாதை இவ்வளவு நீளமா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் கொழும்பிலிருந்து பொறியியலாளர் உற்சாகமாக அழைத்தார். பண்டாரவளை டிஸ்குகளைத் திறந்து, உள்ளிருந்ததை அப்படியே புது டிஸ்குகளுக்கு மாற்றிவிட்டார்களாம். எல்லாப் படமும் திரும்பிவிட்டது, ஒன்றுகூட இழப்பில்லை, உங்கள் அமைப்பு அதன் வேலையைச் செய்துவிட்டது என்று எனக்கு வாழ்த்துச் சொன்னார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? எங்கள் தொழிலின் கணக்குப்படி அது முழு வெற்றி. புதுப் பெட்டி வந்து இணைந்த அன்று நான் முதலில் தட்டிய பெயர் அவருடையது. வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது, படம் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்தது. வலிப்பு வந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த புதுப் படத்தை வாங்கிவைத்திருந்தேன்; அதை இதன் பக்கத்தில் வைத்தேன். அளந்து பார்த்தேன். நம்பாமல் மறுபடி அளந்தேன். கட்டி வளரவில்லை. மயிரிழைகூட வளரவில்லை.

இரண்டையும் சத்திரசிகிச்சை செய்த டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இது கையில் இருந்திருந்தால் மருந்தை மாற்றிப் பார்த்து இன்னும் காத்திருந்திருப்பேன் என்றார். அன்றைக்கு என்னிடம் இருந்ததை வைத்துத்தான் செய்தேன் என்றார். அது உண்மை. நான் யார்மேலாவது கோபப்பட முயன்று பார்த்திருக்கிறேன். டொக்டர்மேல் முடியவில்லை. கம்பெனிமேல் முடியவில்லை, இரண்டு ஊர் ஒன்றாகப் போனால் என்ன ஆகும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார்கள். ஹாஜியார்மேல் முடியவில்லை. இடியோடு சண்டை போட முடியாது. சந்தனப் பொட்டின்மேல் கோபப்பட்டால் அது அவர்மேல் கோபப்படுவதாகும். ஒருவரும் தப்புச் செய்யாமலே ஒரு மனிதரின் வாய் பறிபோய்விட்டது. தப்புச் செய்தவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

இப்போது எங்களிடம் நான்கு பெட்டிகள். நான்காவது கொழும்பில் இருக்கிறது. எந்தப் பெட்டியையும் ஓய்வெடுக்க விடுவதில்லை. ஆயுத பூஜைக்கு ஓடும் பெட்டிக்கே பொட்டு வைக்கிறோம். ஃபிலிம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஹாஜியார் மறுபடி அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்த உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் பஸ்ஸுக்கு ஓடும் சனங்களை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

போன மாதம் டிரைவர் அண்ணன் மறுபரிசோதனைக்கு வந்தார். அண்ணி வெளியே சீட்டு வாங்க வரிசையில் நின்றார். அவர் நேராக என் அறைக்கு வந்து, இடது கையால் கணினியைக் காட்டி, பிறகு தன் தலையைக் காட்டி, அந்த ஒற்றைச் சத்தத்தை எழுப்பினார். பழைய படம் திரும்பிவிட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.  அவருடைய தலை, அவருடைய படம். மறுக்க எனக்கென்ன உரிமை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் பழைய படத்தின் கட்டியின்மேல் வைத்து அளவெடுத்தார். அந்த இடைவெளியைக் கலைக்காமல் கையை அப்படியே நகர்த்திப் புதுப் படத்தின்மேல் வைத்தார். விரல்கள் சரியாகப் பொருந்தின. மறுபடி பழைய படத்துக்குப் போனார். மறுபடி புதியதற்கு வந்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தார்.  

அப்போது அண்ணி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்; அவருக்கு அது கறுப்பும் வெள்ளையுமான ஏதோ ஒன்று. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, இத்தனை நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "பழைய படம் வந்துருச்சாமே தங்கச்சி. அப்ப கட்டி பெருசாத்தானே ஆகியிருந்துச்சு? கையெழுத்துப் போட்டது நான். அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டிரைவர் அண்ணன் நாற்காலியோடு அண்ணியின் பக்கம் திரும்பிவிட்டார். ஆமாம் ஆமாம் என்று தலையைப் பலமாக ஆட்டினார். இடது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் முடிந்த மட்டும் அகலமாக விரித்து, இவ்வளவு பெரிதாகிவிட்டிருந்தது என்று காட்டினார். அண்ணி அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, நிச்சயப்படுத்திக்கொள்ள என்னைப் பார்த்தார். டிரைவர் அண்ணனும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டும்வரை அவர் கையை இறக்கவில்லை.